கொக்கி முளைத்த கிருமி

கன்றுக்குட்டி ஒன்றின் குடலில் வாழ்ந்த கிருமிக்கு, சாணத்தோடு அடித்துச் செல்லப்பட்டுவிடுவோமோ என்ற அச்சம் ஓயாமல் இருந்தது.

அவ்வழியே வந்த வேற்றூர்க் கிருமி, "இந்த மரபணுவை வைத்துக்கொள், தம்பி. உடம்பில் கொக்கி முளைக்கும், குடற்சுவரைப் பற்றிக்கொள்ளலாம். கூடவே கொஞ்சம் நஞ்சும் சுரக்கும்" என்றது.

"நஞ்சு எதற்கு, அண்ணே?"

"அக்கம்பக்கத்தார் இடத்தைக் காலிசெய்யத்தான்!"

கொக்கி முளைத்தது, நஞ்சும் சுரந்தது. கன்றுக்குக் கழிச்சல் கண்டது. பழைய குடிகள் அனைவரும் கூட்டம் கூட்டமாக அடித்துச் செல்லப்பட்டனர்.

"பிடித்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்குக் குடல் எதற்கு?" என்று கிருமி சிரித்தது.

மூன்றாம் நாள் பால் வரவில்லை. குடல் குளிர்ந்தது. வெளியே யாரோ குழி தோண்டும் ஓசை கேட்டது.

கிருமி கொக்கியை மேலும் இறுக்கிக்கொண்டது. "என்ன நடந்தாலும் சரி, என் இடத்தை விட்டு நான் நகரப்போவதில்லை" என்றது.