இரண்டாம் நம்பர் மெஷின்

“மறுபடியும் ரிஜெக்ட்டா?”

காந்தன் கத்தினான். மருதமுத்து பூதக்கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.

மலேசியாவில், ஜாசின் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பேக்டரி. சர்க்கரை நோயாளிகள் ஊசி போட்டுக்கொள்ளும் பேனாவுக்குள் போகிற, மிளகு அளவு பல்சக்கரம் செய்கிறார்கள். மெஷினில் வருவது தேறுமா, தேறாதா என்று பார்த்துச் சொல்வது மருதமுத்துவின் வேலை.

“இடுக்கியால லேசா அழுத்தினேன். பல்லு ஒடிஞ்சிருச்சு. அச்சுல சூடு பத்தல. பிளாஸ்டிக் நுனிக்குப் போறதுக்குள்ள உறைஞ்சிருது.”

“சூட்டைக் கூட்டினா ஆற நேரம் ஆகும் லா. எண்ணிக்கை குறையும். மாசக் கடைசியில என் காண்டிராக்ட் முடியுது, தெரியும்ல?”

“தெரியும்.”

“கோயில் தலைவர் தேர்தல்ல உங்களைத் தோக்கடிச்சேன். அந்த வயித்தெரிச்சல்!”

“ஆமா. அதுக்கு இப்ப என்ன? தட்டை எடு.”

அடுத்து நின்ற தேவமலர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். முதல் மெஷின் அவளுடையது, இரண்டாவது காந்தனுடையது. காலையில் வரும்போது மருதமுத்துவுக்கு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்கி வருவாள். அவள் தட்டை மருதமுத்து மேலோட்டமாகப் பார்த்து, “நல்லாருக்கு பிள்ள, போ” என்பார். சூட்டைக் கூட்டாமலே அவள் மெஷின் பறந்தது.

காந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு சூட்டைக் கூட்டினான். எண்ணிக்கையில் அவன்தான் கடைசி.

“காந்தன் அண்ணன் மாட்டு வண்டி ஓட்டுறாரு!” என்று தேவமலர்கூடக் கேலி செய்தாள்.

மாசக் கடைசியில் மேனேஜர் நளினி மூவரையும் கூப்பிட்டாள். வேலை போனது என்று முடிவு கட்டி, காந்தன் பையையும் எடுத்துக்கொண்டு போனான்.

“முதல் மெஷின் சாமானை வாங்கினவங்க முழுக்கத் திருப்பி அனுப்பிட்டாங்க. பேனாவுல மாட்டித் திருப்பினா பல்லு ஒடியுதாம். இரண்டாம் மெஷின்ல ஒண்ணுகூடப் பழுதில்ல. காந்தன் அண்ணே, உங்களுக்கு நிரந்தர வேலை. தேவமலர், உனக்கு இன்னும் ஒரு மாசம்தான் டைம், அதுக்குள்ள சரி பண்ணணும். மருதமுத்து அண்ணே, நீங்க இருங்க. உங்ககிட்ட தனியாப் பேசணும்.”

மருதமுத்து வெளியே வரும்வரை காந்தன் காத்திருந்தான். வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டான்.

“என் வேலையைக் காப்பாத்திட்டீங்க அண்ணே.”

மருதமுத்து கையை உருவிக்கொண்டார்.

“உனக்காக நான் ஒண்ணும் செய்யல. உன்கிட்ட குத்தம் கண்டுபிடிக்கணும்னே உத்து உத்துப் பார்த்தேன். கோயில் விஷயத்தை நான் மறக்கல, போ.”

தேவமலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை அவள் கையில் பொட்டலம் இல்லை. தட்டை மட்டும் மருதமுத்துவின் மேசையில் வைத்தாள்.

“மாமா, இன்னையிலேர்ந்து நானும் உங்களுக்கு எதிரி. நல்லாப் பாருங்க.”