காலி நாற்காலி

பிரவீணா வேலை பார்த்த துணிக்கடை பாலக்காட்டு மால் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்தது. வருகிறவர்கள் சுடிதாரைப் போட்டுப் பார்ப்பார்கள், கண்ணாடி முன் நின்று ரீல்ஸ் எடுப்பார்கள், "ஆன்லைன்ல இதைவிடக் கம்மிடி" என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போவார்கள். கூட்டம் நெரித்த காலத்திலும் அவள் நின்றாள். ஈ ஓட்டும் இந்தக் காலத்திலும் நின்றாள். கடைப் பெண்கள் உட்காரலாம் என்று கேரளத்தில் சட்டம் வந்ததிலிருந்து, சோதனைக்கு வருகிறவர்கள் கண்ணில் படுவதற்காக ஒரு நாற்காலி கிடந்தது. அதில் யாரும் உட்காரக் கூடாது.

ஆனால் அதன் மெத்தை தினமும் குழிந்திருந்தது. மேனேஜர் சிவராஜ் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

"பி.காம். படிச்ச புள்ளைக்குக் காலு நோவுதாக்கும்? இன்னொருக்கா இப்பிடிக் கெடந்தா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

"நானு உக்காரவே இல்லீங்க சார்."

"அப்பறம் பேயா வந்து உக்காருது?"

அவர் போனதும் பிரவீணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, எருத்தேன்பதியிலிருந்து பஸ் ஏறி வந்து வாங்கும் பேச்சு இது. உட்காராமல் திட்டு வாங்குவதற்கு உட்கார்ந்தே வாங்கலாம் என்று போய் உட்கார்ந்தாள். மெத்தை இன்னும் சூடாகவே இருந்தது.

சிவராஜ் திரும்பி வந்தார். அவள் எழவில்லை. கேட்டால் சொல்லப் பதிலும் வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. அவள் வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆங், இப்பிடித்தான் நிக்கோணும்."

அங்கே யாரும் இல்லை. சிவராஜ் கையிலிருந்த ஹேங்கர்களை, காலி நாற்காலிதானே என்று, பிரவீணாவின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.