பச்சைப் பிக்கப்புக்கு ஒரு கூடு

"காலை நல்லா நீட்டிப் படுத்துப் பாருடா. எங்கயாவது இடிக்குதா?" என்றாள் ட்விலா.

பச்சைப் பிக்கப் வண்டியின் பின்தொட்டி மேல், கூரைபோல் மூட அப்போதுதான் இறக்கி வைத்த ஃபைபர் கூட்டுக்குள் மல்லாந்து கிடந்தான் காரெட். முப்பத்திரண்டு வயது ஆம்பிளை சின்னப் பிள்ளைபோல் சிரித்தான். "அரண்மனைம்மா இது! ஒரு டிவி வெச்சா நான் வெளியவே வரமாட்டேன்."

பழைய கூடுகள் விற்கும் மெர்ல் கையைத் தேய்த்து ஊதிக்கொண்டே கேட்டார். "என்ன ட்விலா, அம்மாவும் பிள்ளையும் மான் வேட்டைக்கா?"

"மீன் பிடிக்க!" உள்ளேயிருந்து கத்தினான் காரெட். "ஏரியில ஐஸை ஓட்டை போட்டுப் பிடிப்போம்ல, அதுக்கு. அப்பா போனதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் எங்கயுமே போகலை."

"ஏரி உறைய இன்னும் ஒரு மாசம் ஆகுமேப்பா."

"பரவாயில்லை, இன்னைக்கே மாட்டிக் குடுங்க" என்றாள் ட்விலா.

மெர்ல் அலுமினியக் கூடு ஒன்றைக் காட்டினார். விலை மலிவு, தூக்கவும் சுளுவு என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுல ராத்திரி விடுற மூச்சே வேர்த்து மேல சொட்டும். இதையே போடுங்க. கதவை உள்ளேருந்து திறக்க முடியுமா?"

"ஒரு கைப்பிடி வெச்சா முடியும்."

"வெச்சிடுங்க. ஜன்னல் ஒரு விரக்கடை திறந்திருந்தா பனி உள்ள வருமா? மூச்சு முட்டாம இருக்கணும்." இதை மட்டும் மூன்று தடவை கேட்டாள். மெர்ல் சலிக்காமல் மூன்று தடவையும் தலையாட்டினார்.

வீடு திரும்பும் வழியில் காரெட் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான். அம்மா தன்னோடு இப்படி ஒரு முழு நாள் இருந்து எத்தனை காலமாயிற்று! மரம் அறுக்கும் மில்லில் பலகை சரிந்து முதுகில் விழுந்த நாளிலிருந்து வலிமாத்திரையே அவனுக்குச் சோறும் தண்ணீரும் ஆகியிருந்தது. பெண்டாட்டி போனாள், வேலை போனது. குழந்தை ஹேட்டியை அம்மாதான் வளர்த்தாள்.

இரண்டு தடவை சிகிச்சைக்குப் போய் வந்தான். "விட்டுட்டேம்மா" என்று கோடையிலேயே சத்தியம் செய்திருந்தான். விடவில்லை. ஆனால் இந்த ஏரிப் பயணத்தோடு தலைமுழுகிவிடுவது என்று, அந்த நிமிஷம், மனதார முடிவு செய்தான். அம்மாவுக்குத் தெரியவே வேண்டாம்.

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இருவருமாக வேலையில் இறங்கினார்கள். இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினார்கள். தரையில் தெர்மாகோல் பலகை, அதன் மேல் பழைய கம்பளம், அதன் மேல் மெத்தை. அப்பாவின் கட்டம் போட்ட சட்டைகளை வெட்டி ஜன்னல் திரை தைத்து வைத்திருந்தாள் ட்விலா. விஷவாயு வந்தால் கத்துகிற கருவியை அவன் தலைமாட்டில் திருகினாள். திருகாணி இரண்டு முறை கைநழுவி விழுந்தது.

"ஒரு மெத்தைதானே இருக்கு?"

"எனக்கு முதுகு தாங்காதுடா."

"ஓஹோ! நீ லாட்ஜ்ல மகாராணி, நான் பெட்டிக்குள்ளயா? நடக்கட்டும், நடக்கட்டும்."

அவள் சிரிக்கவில்லை. மெத்தை விரிப்பின் ஓரத்தைச் செருகினாள், உருவினாள், மறுபடி செருகினாள்.

"ஹேட்டி இருந்திருந்தா இதுக்குள்ள குதிச்சே மெத்தையைக் கிழிச்சிருப்பா" என்றான் காரெட். செவ்வாய்க்கிழமையிலிருந்து குழந்தை சித்தி வீட்டில் என்று அவனுக்குச் சொல்லியிருந்தாள் அம்மா. அம்மாதான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு, கண் வீங்கித் திரும்புவாள். தூக்கம் போதவில்லை என்பாள். "அவளையும் கூட்டிட்டுப் போலாமா?"

ட்விலா வீட்டுக்குள் போனாள். பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தாள். சூப் டப்பாக்கள், டார்ச், கம்பளிக் காலுறை, அப்பாவின் குளிர்கோட்டு. இன்னொரு நடை போய், அவன் துணிகள் மொத்தத்தையும் மடித்து எடுத்து வந்தாள்.

"ரெண்டு நாளைக்கு இவ்வளவா?" காரெட் சிரித்தான். "சரி, எப்பக் கிளம்பறோம்?"

ட்விலா பின்கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சர்ச் பாதிரியார்கிட்டப் பேசிட்டேன். பின்பக்கம் வண்டியை நிறுத்திக்கலாம்னார். குளிக்கவும் இடம் உண்டு. தினம் ராத்திரி சாப்பாடு நான் கொண்டு வர்றேன்."

"எதுக்கும்மா? ஏரிக்குப் போக வேணாமா?"

"நாளைக்கு ஹேட்டியை ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்பறாங்க."

"ஆஸ்பத்திரியா? அவ சித்தி வீட்டுல..."

"உன் படுக்கைக்கு அடியில கிடந்த மாத்திரையை மிட்டாய்னு நெனச்சு எடுத்து வாயில போட்டுக்கிட்டாடா. உன்கிட்டச் சொன்னா நீ ஓடிப்போயிடுவியோன்னு சொல்லலை. ரெண்டு நாள் மூச்சே அவளுக்குத் தானா வரலை."

தெருவில் பனி விழ ஆரம்பித்திருந்தது. காரெட் அப்படியே கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தான். ட்விலா அவன் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

பிறகு அவன் முன்னால் கையை நீட்டினாள்.

"வீட்டுச் சாவியைக் குடுத்துடு, கண்ணா."