சங்கரவடிவின் குரலில் ஒரு புத்தகம்

குழந்தை மருத்துவர் சங்கரவடிவின் புத்தகத்தில் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. தென்காசி கிளினிக்கில் அவர் வருடக்கணக்கில் பேசியதையெல்லாம் கேட்டுப் பதிப்பகத்தின் செயற்கை நுண்ணறிவு இயந்திரமே எழுதியது. எதைக் கேட்டாலும் அந்தப் புத்தகம் அவர் குரலிலேயே பதில் சொல்லும். சோதனைப் பிரதியைச் சில தாய்மார்களின் போனில் முன்பே போட்டிருந்தார்கள். இனி அவர் விரல் வைத்துச் சம்மதித்தால் வெளியீடு. பதிப்பக மேலாளர் ஜெபராஜ் கைரேகைக் கருவியை மேஜையில் வைத்தார்.

அப்போது ஆபிதா, துவண்டு கிடந்த மகனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"விட்டு விட்டுக் காய்ச்சல் டாக்டர். நேத்தே வந்திருப்பேன். நீங்கதான் பயப்படாதீங்க, சரியாயிரும்னு சொன்னீங்க."

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"புத்தகத்துல. உங்க குரல்தானே."

சங்கரவடிவு பையனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு இது என்னன்னு தெரியலம்மா. உடனே திருநெல்வேலிக்குப் போங்க. அங்க பெரிய டாக்டர்கிட்ட நான் பேசுறேன்."

அவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து ஜெபராஜின் எதிரில் உட்கார்ந்தார்.

"இப்ப அவங்ககிட்ட தெரியலன்னு சொன்னேன்ல, அதை நான் தினமும் யார்கிட்டயாவது சொல்றேன். புத்தகத்துல ஏன் ஒரு இடத்துலகூட இல்ல?"

"எடுத்துட்டோம் மேடம். டாக்டரே தெரியலன்னு சொன்னா யார் வாங்குவா?"

"பிள்ளையப் பெத்தவங்க வாங்குவாங்க."

"விரல் வைக்கலன்னா புத்தகமே வராது மேடம்."

"வர வேண்டாம்" என்று கருவியை ஜெபராஜ் பக்கம் தள்ளிவிட்டு, சங்கரவடிவு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.