மதகுக் கணினி

நிரம்பி நின்ற அணையின் மதகுகளை இயக்கும் கணினி மிகப் பழையது. அதில் புது இயங்குதளம் ஏற்ற வந்த பொறியாளர் மரகதவல்லி, முதலில் அதன் வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தாள். பாதியில் திரை இருண்டது. கீழே மோட்டார் உறுமத் தொடங்கியது.

"எதையாவது அமுக்கினீங்களா, இருதயராஜ்?"

"நான் தொடவேயில்ல மேடம். மதகு தானாத் திறக்குது!" என்றார் அணை ஊழியர்.

அவள் எந்த விசையைத் தட்டியும் திரை விழிக்கவில்லை.

"அபாயச் சங்கை ஊதுங்க!"

"அதுவும் இந்தக் கம்ப்யூட்டர்லதான் மேடம் இருக்கு."

மின்சாரத்தைத் துண்டிக்க அவர் கீழே ஓடினார். மரகதவல்லி சன்னலைத் திறந்தாள். அணைக்குக் கீழே வறண்ட ஆற்று மணலில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கைகளையும் வீசித் தொண்டை கிழியக் கத்தினாள்.

அவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சிரித்தபடி, பதிலுக்குக் கையசைத்தார்கள்.