செட்

"செட்டுன்னா இன்னா நைனா?"

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மகள் கீர்த்தி கேட்டபோது, மோட்டார்தான் என்று சொல்லியிருந்தான் ஏசுதாஸ்.

சாயந்திரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் குழப்பிவிட்டாள். டீக்கடை செட் தோசை இரண்டு. திருவிழாவுக்குக் கட்டுவது மைக் செட். மாமாவுக்குப் பெண் செட் ஆகவில்லை. டீச்சரோ, இங்கிலீஷில் அந்தச் சொல் இரண்டு வேறு இடங்களில் பிறந்து, வழியில் ஒன்றாகிப் போனது என்றாராம்.

எது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. அவனுடைய பம்பு செட்டோ மோட்டார் காயில் எரிந்து, உத்திரமேரூரில் ரிப்பேருக்குக் கிடந்தது. குத்தகைக் கழனியில் கதிர் பால் பிடிக்கும் நேரம். இப்போது காய்ந்தால் அத்தனையும் பதர்.

மறுநாள் காலை மண்வெட்டியோடு போனவன் வரப்பிலேயே நின்றுவிட்டான்.

கழனி நிறையத் தண்ணீர்.

மழை இல்லை. ஏரி மதகும் திறக்கவில்லை. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் கர்த்தருக்குச் சொல்லி வைத்தான்.

பக்கத்துக் கழனி வேதகிரியுடையது. ஒருவனுக்குத் தண்ணீர் விட்டால் ஊரே கேட்கும், யாருக்கும் கிடையாது என்று டீக்கடையில் சொன்னவர். அவரிடமே போய்க் கேட்டான்.

"எனுக்கே பத்தல. எலி வளை வழியா வந்துகீதோ இன்னாவோ, போடா."

வேதகிரியின் கழனி பள்ளம். எலி எப்படித் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும்?

குழம்பியபடி திரும்பும்போதுதான் பார்த்தான். வரப்புப் புல், ஓஸ் பைப் இழுத்த தடமாய்ப் படுத்துக் கிடந்தது.

கழனிக்குக் கரண்ட் வருவது விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான். அன்றைய கரண்ட் முழுக்க மேட்டுக்குப் போயிருந்தது. பள்ளத்தில் வேதகிரியின் பயிர் வெடித்த மண்ணில் நின்றது.

ஏசுதாஸ் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

செட் ரிப்பேராகி வந்த வாரம், வேதகிரி கல்யாணத்துக்கு ஓரிக்கை போயிருந்தார். விடியற்காலையில் கரண்ட் வந்தது. கண்ணுக்கெட்டிய வரை ஆள் இல்லை. ஏசுதாஸ் செட்டைப் போட்டு, தன் மடையை அடைத்துவிட்டு, பள்ளத்துப் பக்கம் வரப்பை வெட்டிவிட்டான். பயிர் நனைந்து நிறைந்ததும் சேறு அள்ளி அடைத்து, காலால் மிதித்து, மேலே புல்லையும் பதித்தான்.

ஊர் திரும்பிய வேதகிரி, டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டார், தன் கழனிக்கு எங்கிருந்து தண்ணீர் வந்தது என்று.

ஏசுதாஸ் தோசையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எலிதாண்ணா."