அவன் காதுக்குள் ஐந்து நிமிடம்

கோவையின் அந்த மேலாண்மைக் கல்லூரியில், மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரையும் அரவணைத்துப் போகும் மாணவருக்கு அதற்கென்றே இருக்கும் மன்றம் மார்க் போடும். நல்ல வேலைக்கு அந்த மார்க் அவசியம். பிறவியிலேயே காது கேளாத மதிவதனிக்குக் கூடப் படிக்கும் இன்பராஜ்மேல் சந்தேகம் வந்ததும் அதனால்தான்.

"என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேன்டீனில் வைத்து இன்பராஜ் சைகையில் கேட்டான்.

"கட்டிக்கிட்டா மன்றத்துல எத்தனை மார்க்குடா தருவாங்க?" என்று அவள் கைகளும் வெடுக்கெனக் கேட்டன.

அவன் முகம் சுருங்கியது. மன்றம் தந்து பையில் வைத்திருந்த இரண்டு உணர்பட்டைகளில் ஒன்றைத் தன் நெற்றியில் மாட்டி, மற்றதை அவளிடம் நீட்டினான். "நீயே பாத்துக்கோ."

ஒருவர் உணர்வதை அடுத்தவருக்கு அப்படியே தரும் பட்டை அது. பொய் சொல்லத் தெரியாது.

மாட்டியதுமே மதிவதனி பதறிப்போனாள். தட்டு மோதுவதும் மிக்சி சுற்றுவதும் இப்படியா இருக்கும்? இத்தனை இரைச்சலையும் சுமந்துகொண்டா இவர்கள் நடமாடுகிறார்கள்?

"பயமா இருக்குடா!"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் தட்டுகளின் சத்தம் தேய்ந்தது; மிக்சி அடங்கியது; சுற்றிலும் பேசியவர்களின் குரல்கள் கரைந்துபோயின. அவனுக்குள் எந்தச் சத்தமும் இல்லை.

அந்த நிசப்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பிறந்து வளர்ந்ததே அதற்குள்தான். தன்னைப் பார்க்கும்போதெல்லாம் இவன் இங்கேதான் வந்து நிற்கிறானா?

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகளை உயர்த்தினாள்.

"எங்கம்மாவை எப்படா வந்து பாக்கறே?"